ஒரு நாள் விருந்தும் ஒரு பிடி அரிசியும்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில் தருமபுரம் தாண்டி உள்ளே இறங்கும் ஒரு கிரவல் பாதையில் அந்த வீடு இருக்கிறது. 2016 ஆவணி மாதம், நல்ல வெயில். ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த நான் கையில் ஒரு பட்டியலோடு படலையைத் திறந்தேன். பட்டியலில் பதினெட்டுப் பெயர்கள். 2012 இல் எங்கள் ஊர்ச்சங்கம் கொடுத்த பதினெட்டுத் தையல் மெசின்களும் எப்படி இருக்கின்றன என்று பார்த்து எழுதிக்கொண்டு போவது என் வேலை.

மெசின் பத்திரமாக இருந்தது. விறாந்தை மூலையில், பழைய சேலையொன்றால் மூடி வைத்திருந்தார்கள். அதன்மேல் ஒரு பையனின் சட்டம் போட்ட படம். பக்கத்தில் பொலித்தீன் உறைக்குள் ஒரு தடித்த கோவை. படத்துக்கு மாலை இல்லை. மாலை இல்லாத படத்துக்கு வன்னியில் ஒரு அர்த்தம் உண்டு. அந்தப் பிள்ளை செத்துப்போனான் என்று அந்த வீடு இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. கோவைக்குள் இருந்தவை முறைப்பாட்டுப் பிரதிகள்.

"தைக்கிறதில்லையோ பிள்ளை?" என்று அந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டேன்.

"மெசினிலை ஒரு பழுதும் இல்லை ஐயா. இந்த ஒழுங்கையிலை மட்டும் ஏழு மெசின் நிக்குது. ஆர் ஆருக்குத் தைக்கிறது?" என்றவர், என் கையில் இருந்த கைபேசியைப் பார்த்துவிட்டு, "படம் எடுக்கப் போறியளோ? எண்டால் படத்தையும் ஃபைலையும் எடுத்து அங்காலை வைக்கிறன்" என்றார்.

நான் படம் எடுக்கவில்லை. ஆனால் படிவத்தை நிரப்பினேன். 'நிலைமை' என்ற நிரலில் இரண்டே தெரிவுகள்: நல்லது, பழுது. 'நல்லது' என்பதற்கு நேரே சரி போட்டேன். வேறு எதை எழுதவும் அதில் இடம் இல்லை.

நான் ஒரு கணக்குக்காரன். 1977 இல் கூட்டுறவுத் திணைக்களத்தில் பரிசோதகராகச் சேர்ந்து, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் பேரேடுகளைப் புரட்டியே காலத்தைக் கழித்தவன். 1996 இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது நாங்களும் பெயர்ந்தோம். இரண்டு வருடம் கழித்துக் கனடா. 2010 இல் ஊர்ச்சங்கம் கூடியபோது, கணக்குத் தெரிந்தவர் என்று சொல்லி என்னைப் பொருளாளர் ஆக்கினார்கள். பதினொரு வருடம் அந்தக் கதிரையில் இருந்தேன். ஒரு சதம் பிசகவில்லை. சதம் பிசகாத அந்தக் கணக்குப் புத்தகத்தைத்தான் இன்று குறைசொல்ல வந்திருக்கிறேன்.

அந்தப் பதினெட்டு மெசின்களும் எப்படி வந்தன என்பதைச் சொல்கிறேன். ஸ்காபரோவில் ஒரு விருந்து மண்டபம். வருடாந்த இராப்போசனம். சீட்டு நூறு டொலர். மண்டபக் காசு, சாப்பாடு, ஒலியமைப்பு, பாட்டுக்குழு எல்லாம் போக நாற்பது டொலர் மிஞ்சினால் அது நல்ல வருடம். கொத்துரொட்டிக்கும் நடனத்துக்கும் நடுவில் விளக்கை அணைத்து ஒரு காணொளி போடுவோம். தறப்பாள் கொட்டில், வெறும் பானை, வெறித்துப் பார்க்கும் ஒரு தாய், பின்னணியில் புல்லாங்குழல். விளக்குப் போட்டதும் அறிவிப்பாளர் ஏலம் கூறுவதுபோலக் கேட்பார்: "ஒரு மெசின் இருநூறு டொலர். ஆர் தாறியள்?" கைகள் உயரும். மெசினில் கொடுத்தவர் பெயரை ஒட்டலாம். வாங்குகிறவரை அதன் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்கலாம். அடுத்த வருட மலரில் போடலாம். ஒரு மெசினுக்கு ஒரு விலை, ஒரு பெயர், ஒரு படம். பொருளாளருக்கும் சுகம்.

அந்த ஊருக்கு எத்தனை தையற்காரர் வேண்டும் என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கவேண்டியவன் நான். கூட்டுறவுக் கடை திறப்பதென்றால் எத்தனை குடும்ப அட்டை என்று எண்ணாமல் ஒரு காலமும் அனுமதிக்குக் கையெழுத்துப் போடாதவன். அந்த மண்டபத்தின் வெளிச்சத்தில் அந்தப் பழக்கத்தை மறந்துபோனேன்.

பொருளை அனுப்பினால் உதவி முடிந்தது என்ற எண்ணம் எங்களுக்குப் போரின் கடைசி நாட்களிலேயே வந்துவிட்டது. அப்போது அதற்கு நியாயமும் இருந்தது. 2009 சித்திரையிலும் வைகாசியிலும் ஐரோப்பாவில் இருந்த எங்கள் ஆட்கள் அரிசியும் மாவும் மருந்துமாகச் சேர்த்து 'வணங்கா மண்' என்று ஒரு கப்பலை அனுப்பினார்கள். 884 தொன் பொருட்கள். கப்பலை இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பியது. அது சென்னைக்கு வெளியே நங்கூரமிட்டுக் கிடந்தது. பொருட்கள் இன்னொரு கப்பலுக்கு மாறிக் கொழும்புத் துறைமுகத்தில் மாதக்கணக்கில் தேங்கின. யாருக்காக அவை சேர்க்கப்பட்டனவோ அவர்களில் உயிர் தப்பிய ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் அதற்குள் செட்டிகுளம் மெனிக் பாம் போன்ற முகாம்களின் முட்கம்பிக்குள் இருந்தார்கள். அன்று அவர்களுக்கு வேண்டியது சோறும் மருந்தும்தான். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் முகாம் 2012 புரட்டாதியில் மூடப்பட்ட பிறகும் நாங்கள் கப்பல் ஏற்றுகிற மனநிலையிலேயே இருந்தோம்.

திரும்பிப் போனவர்களுக்கு வீடு வந்தது. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, கட்டம் கட்டமாக. வீட்டுக்காரர் தாமே நின்று கட்டவேண்டும். நல்ல திட்டம்தான். ஒப்பந்தக்காரன் கையில் போகாமல் காசு குடும்பத்தின் கைக்கே போனது. ஆனால் நான் போன ஒழுங்கைகளில் பாதி வீடுகளில் ஆண்துணை இல்லை. சீமெந்து விலை ஏறியது, மணல் விலை ஏறியது, மேசன் கூலி ஏறியது, ஐந்தரை இலட்சம் அப்படியே நின்றது. அத்திவாரத்தோடு நின்ற வீட்டைக் கூரைவரை கொண்டுபோகத் தோட்டை அடகு வைத்தார்கள். தோடு போனபின் கிழமைக் கடன். மோட்டார் சைக்கிளில் வரும் கடன்காரப் பையன் வாசலில் நிற்கும் நேரம் பார்த்துப் பின்வேலியால் போய்ப் பக்கத்து வீட்டில் ஒளிந்த பெண்களை எனக்குத் தெரியும். 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர வேண்டியதாயிற்று. அந்த அளவுக்கு முற்றிப்போயிருந்தது. வீட்டுக்குக் காசு கொடுத்தவர்கள், அந்த வீட்டைக் கட்டி முடிக்கும் மனிதரைப் பற்றி யோசிக்கவில்லை. மெசினுக்குக் காசு கொடுத்த நாங்களும் அப்படித்தான்.

மறுபக்கத்தையும் பார்த்திருக்கிறேன். முகமாலையில் போனால் நீல நிறக் கவச அங்கியும் முகமூடியும் போட்டு, முழங்காலில் இருந்து ஒவ்வொரு அங்குலமாக மண்ணைச் சுரண்டும் பெண்களைக் காணலாம். கண்ணிவெடி அகற்றுபவர்கள். ஹலோ ட்ரஸ்ட் போன்ற நிறுவனங்கள் இந்த வேலையில் ஊர்ப் பெண்களையே பெருமளவில் சேர்த்துக்கொண்டன. ஆபத்தான வேலை, வெயிலில் வேகிற வேலை. ஆனால் மாதம் முடியச் சம்பளம். அந்தப் பெண்களில் ஒருத்தி என் மருமகள் முறை. தன் சம்பளத்தில் சீட்டுக் கட்டி, கிணறு கட்டி, இரண்டு பிள்ளைகளையும் உயர்தரம் வரை படிப்பித்தாள். யாரும் அவளை எந்தப் பொருளோடும் நிறுத்திப் படம் எடுக்கவில்லை. மாதம் தவறாமல் வந்த காசு, அடுத்த மாதத்தைப் பற்றி யோசிக்கும் துணிவை அவளுக்குக் கொடுத்தது. போர் முதலில் பறித்தது அதைத்தான். நாளைக்கு இதே இடத்தில் இருப்போமா என்று தெரியாமல் வருடக்கணக்காக வாழ்ந்தவர்களுக்கு 'அடுத்த மாதம்' என்ற சொல்லே ஒரு மருந்து.

எங்கள் சங்கமும் ஒருமுறை சரியான வேலையொன்றைச் செய்தது. அதையும் நாங்களே கெடுத்தோம்.

2014 இல், ஊரில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதிய கடிதத்தின் பேரில் ஒரு உளவளத்துணையாளருக்கு மாதப்படி கொடுக்க ஒப்புக்கொண்டோம். இருபத்தாறு வயதுப் பெண்பிள்ளை. ஸ்கூட்டி பெற்றோலுக்குக் கொஞ்சம், தேத்தண்ணிக்கும் பணிஸுக்கும் கொஞ்சம். வியாழக்கிழமை பின்னேரங்களில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கட்டடத்தைத் திறப்பார். பெண்கள் வருவார்கள். பனையோலை பின்னுவார்கள். பேச விரும்பினால் பேசுவார்கள், இல்லையென்றால் பின்னிவிட்டுப் போவார்கள். நித்திரை இல்லாதவர், குளிசையை நிறுத்திவிட்டவர், தனியே இருக்கப் பயப்படுபவர் என்று கண்டால் அந்தப் பிள்ளை கிளிநொச்சி வைத்தியசாலைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவார். பஸ் காசும் எங்கள் கணக்கில்தான்.

யாழ்ப்பாணத்தில் பல பத்தாண்டுகளாக மனநல மருத்துவராக இருந்து 'மனவடு' என்ற நூலை எழுதிய பேராசிரியர் தயா சோமசுந்தரம் திரும்பத் திரும்பச் சொல்லிவந்த விடயம் இது. போரின் காயம் தனி ஆளின் தலைக்குள் மட்டும் இல்லை. குடும்பம், அயல், ஊர் என்ற கட்டுக்களே அறுந்துபோகின்றன. அவற்றை மறுபடி முடிய ஆட்கள் கூடவேண்டும், சடங்குகள் நடக்கவேண்டும், ஒருவரையொருவர் நம்பவேண்டும். சுடலையில் கொள்ளி வைக்க வழியில்லாமல், எட்டுச் செலவு செய்யாமல், அந்தியேட்டி இல்லாமல் விட்டுவந்த சாவுகள் எத்தனை ஆயிரம்? அவற்றைப் பற்றிப் பேசப் பயந்து எத்தனை வருடம் வாயை மூடி இருந்தார்கள்? வியாழக்கிழமை என்பது அந்த வாய் கொஞ்சம் திறந்த இடம்.

இரண்டாவது வருட முடிவில், ஸ்காபரோவில் பொதுக்கூட்டம். ஒரு அங்கத்தவர் எழுந்து கேட்டார்: "இந்த உளவளத்துணையால் எத்தனை பேர் சுகமாயினர்?" என்னிடம் எண் இல்லை. "படமாவது இருக்கிறதா?" என்றார் இன்னொருவர். வந்து அழுத பெண்ணை எப்படிப் படம் எடுப்பது? படம் எடுத்தால் அவள் அடுத்த கிழமை வருவாளா? அதை நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. 'நிர்வாகச் செலவைக் குறைத்தல்' என்று ஒரு தீர்மானம் நிறைவேறியது. உளவளத்துணையாளரின் படியும் பெற்றோலும் பஸ் காசும் நிர்வாகச் செலவு என்ற தலைப்பின் கீழ் இருந்தன. அந்தத் தலைப்பைப் போட்டவன் நான். மிஞ்சிய காசில் பாடசாலை வாசலுக்கு ஒரு வளைவு கட்டினோம். கொடுத்தவர்கள் பெயரெல்லாம் கருங்கல்லில் வெட்டியிருக்கிறது.

2016 ஆவணியில் நான் பட்டியலோடு நின்ற அந்த விறாந்தைக்குத் திரும்பி வருகிறேன். புறப்படும்போது அந்தப் பெண் படலை வரைக்கும் வந்தார். "ஐயா, ஒண்டு கேக்கட்டே? கோவிக்கக் கூடாது. மெசினைக் கொண்டுபோங்கோ. வியாழக்கிழமையைத் திருப்பித் தாங்கோ." கட்டடம் பூட்டிய பிறகும் மூன்று கிழமை, பெண்கள் ஓலையோடு வந்து வாசற்படியில் இருந்துவிட்டுப் போனார்களாம். அந்த உளவளத்துணையாளர் வேறு வேலை தேடிக் கொழும்புக்குப் போய்விட்டார்.

போருக்குப் பின் ஊர்களைத் தூக்கி நிறுத்த என்று நாம் சேர்க்கும் காசு, கொடுப்பவரின் கண்ணுக்கு ஏற்றபடி செலவாகிறது. கண்ணுக்குத் தெரிகிற பொருளுக்குப் போகிறது. கூடவே நிற்கும் ஆளுக்குப் போவதில்லை. ஒரு நாளுக்குப் போகிறது. பத்து வருடத்துக்குப் போவதில்லை. பொருளைக் கையளித்த அன்றே அதன் கதை முடிந்துவிடும். காயம் ஆறுவதற்கு ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் அடுத்த கிழமையும் வரவேண்டும், அதற்கு அடுத்த வருடமும் சம்பளம் வேண்டும். இதைக் கணக்கில் எழுதத் தெரியாத பொருளாளர்களாக நாங்கள் பலர் இருந்திருக்கிறோம்.

'உங்கள் காசு நூற்றுக்கு நூறு நேரடியாக மக்களுக்கு' என்று போடும் விளம்பரங்களைக் கண்டால் எனக்கு இப்போது பயம் வருகிறது. நூற்றுக்கு நூறும் பொருளாகப் போனால், அந்தப் பொருளை யார் பார்ப்பார்? எந்தக் கூட்டுறவுச் சங்கமும் முகாமையாளர் இல்லாமல், கணக்கெழுதுபவர் இல்லாமல் நடந்ததை நான் காணவில்லை. அப்படி நடத்தப் பார்த்த சங்கங்களின் பேரேடுகளைத்தான் பிறகு நான் சீல் வைத்துக் கொண்டுபோனேன்.

நிர்வாகச் செலவு மீதான இந்த அவநம்பிக்கை எங்கிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும். போர்க்காலத்தில் காசு கேட்டு எங்கள் கதவுகள் தட்டப்பட்டன. மனமுவந்து கொடுத்தவர்கள் உண்டு, மறுக்கத் துணிவில்லாமல் கொடுத்தவர்களும் உண்டு. 2009 வைகாசிக்குப் பிறகு அந்தக் காசுக்குக் கணக்குச் சொல்ல ஆள் இல்லை. சூடு கண்ட பூனையாகச் சனம் ஒதுங்கியது. அதனால்தான் இன்று ஒவ்வொரு டொலருக்கும் ஒரு படம் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ஆனால் படம் கணக்கு ஆகாது. மெசின் பக்கத்தில் நிற்கும் பெண்ணின் படம், மெசின் போய்ச் சேர்ந்தது என்பதை மட்டும் சொல்லும். அவள் யாருக்குத் தைக்கிறாள் என்பதைச் சொல்லாது. கணக்குக் காட்டவேண்டிய இடமும் வேறு. கூட்டுறவில் வருடாந்தப் பொதுக்கூட்டத்தை அங்கத்தவர் முன்னிலையில், அந்தந்த ஊரில் வைக்கவேண்டும். நாங்கள் தருமபுரத்துக்குக் காசு அனுப்பிவிட்டு ஸ்காபரோவில் கணக்கு வாசித்தோம். கேள்வி கேட்கத் தகுதியானவர்கள் எண்ணாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தார்கள்.

நீண்ட காலத்துக்குக் காசு சேர்க்க எங்களுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கைக்கு ஆறு மில்லியன் அமெரிக்க டொலர் 2018 இல் திரண்டது. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்கு மூன்று மில்லியன் கனடிய டொலர் 2021 இல் நிறைந்தது. என் பேத்தியும் தன் உண்டியலை உடைத்துக் கொடுத்தாள். அங்கே யாரும் பேராசிரியருடைய சம்பளத்தை 'நிர்வாகச் செலவு' என்று சொல்லவில்லை. முதலைத் தொடாமல் வைப்பிலிட்டு, அதன் வருமானத்தில் ஆளை வைத்து, என்றைக்கும் நடத்தவேண்டும் என்பதை எல்லோரும் ஒரே சொல்லில் விளங்கிக்கொண்டார்கள். தமிழ் படிப்பிக்க ஒரு ஆளுக்கு நிரந்தரமாகச் சம்பளம் வேண்டும் என்று விளங்குகிற எங்களுக்கு, பிள்ளையைத் தேடி நித்திரை இழந்த தாயோடு இருக்க ஒரு ஆளுக்கு நிரந்தரமாகச் சம்பளம் வேண்டும் என்பது ஏன் விளங்கவில்லை? அதற்கு ஆகும் தொகை இருக்கைக்கு ஆனதில் ஒரு சிறு துண்டு.

மில்லியன்களைப் பற்றிப் பேசினால் சிலருக்கு மலைப்பாக இருக்கும். என் அம்மாவிடம் இருந்த வழியைச் சொல்கிறேன். சோற்றுக்கு அரிசி அளந்து சுளகில் கொட்டியதும், அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அடுப்படி மூலையில் இருந்த ஒரு முட்டிக்குள் போடுவா. பிடியரிசி. சனிக்கிழமைகளில் சனசமூக நிலையத்துப் பொடியங்கள் சாக்கோடு வந்து வாங்கிப்போவார்கள். ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் தன் பள்ளிக்கூடத்துக்குப் பிடியரிசி வாங்கினார் என்பது ஊரில் எல்லோரும் சொல்லும் கதை. மலாயாவுக்குப் போய் ரயில்வேயில் வேலை பார்த்தவர்கள் அனுப்பிய காசில் எத்தனையோ கோயில்களும் பள்ளிகளும் எழுந்தன. ஆனால் அவற்றின் அன்றாடச் செலவுக்கு ஊர்ப் பானைகளும் கைகொடுத்தன.

எங்கள் வீட்டிலேயே அரிசிக்குத் தட்டுப்பாடாக இருந்த 1974 இலும் அம்மா அந்தப் பிடியை விடவில்லை. சாக்குக்குள் விழுந்தபின் எது யாருடைய அரிசி என்று யாருக்கும் தெரியாது. அதே சாக்கிலிருந்து அரிசி வாங்கும் ஏழைவீட்டிலும் ஒரு முட்டி இருந்தது. கொடுப்பவர் வேறு, வாங்குபவர் வேறு என்ற பிரிவே அங்கு இல்லை. இரவல் கறி வாங்கிப்போன சட்டியை வெறும் சட்டியாகத் திருப்பிக் கொடுக்காத ஊர் அது.

நாங்கள் அனுப்பிய உதவி, அந்தச் சட்டி திரும்பும் வழியை அடைத்துவிட்டது. 'பயனாளி' என்று பெயர் வைத்தோம். வரிசையில் நிறுத்தினோம். கைகூப்பச் சொல்லாவிட்டாலும், கைகூப்பும் படத்தையே தெரிந்தெடுத்தோம். வாங்குவதைத் தவிர வேறொன்றும் செய்ய விடாமல் ஒரு மனிதரைப் பதினைந்து வருடம் வைத்திருந்தால், அதுவும் ஒரு காயமாகிவிடும்.

ஆகவே, இன்றும் சங்கங்களில் பொருளாளராக இருக்கும் தம்பி தங்கச்சிமாருக்குச் சில சொல்கிறேன். விருந்து வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் விருந்தை நம்பி ஊரை நடத்தாதீர்கள். இருநூறு பேர் மாதம் பத்து டொலர் வங்கியில் தானாகக் கழிய விட்டால், அது இருநூறு வீட்டுப் பிடியரிசி. அதைக் கொண்டு ஆளுக்குச் சம்பளம் கொடுங்கள். சேரும் காசில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாத முதலாக வைப்பிலிடுங்கள். உங்கள் பேரேட்டில் 'ஆள் செலவு' என்று ஒரு தனித் தலைப்புப் போடுங்கள். அதை நிர்வாகச் செலவுக்குள் ஒளிக்காதீர்கள், அதற்காக வெட்கப்படவும் வேண்டாம். காசு போகும் ஊரில் வருடம் ஒருமுறை பொதுக்கூட்டம் வைத்து, வாங்கியவர்கள் முன்னிலையில் கணக்கு வாசியுங்கள். செயற்குழுவில் அவர்களுக்குக் கதிரை கொடுங்கள். வாங்குபவரின் முகம் தெரியப் படம் எடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள்.

காசால் ஆகாதவையும் உண்டு. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 மாசி 20 ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசாமி கோயில் முன்றலில் தொடர் போராட்டத்தில் அமர்ந்தார்கள். கேட்டது ஒன்றே ஒன்று: எங்கள் பிள்ளைகள் எங்கே? 2022 இல் அரசாங்கம் குடும்பத்துக்கு ஒரு இலட்சம் ரூபா தருவதாகச் சொன்னபோது, போராடிய தாய்மார் வேண்டாம் என்று மறுத்தார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியது அரசு. எந்த ஊர்ச்சங்கமும் அந்தக் கடனைத் தீர்க்க முடியாது. இதைச் சாட்டாக வைத்து, 'அரசியல் தீர்வு வரட்டும், பிறகு பார்ப்போம்' என்று பணப்பையை மூடுபவர்களையும் கண்டிருக்கிறேன். பதில் வரும்வரை அந்தத் தாய் பஸ் ஏறிக் கிளினிக்குக்குப் போகத்தானே வேண்டும்? பதிலுக்காகக் காத்திருக்கும் ஒருவரோடு கூட இருப்பது எங்களால் முடிந்த வேலை.

2021 இல் பொருளாளர் பதவியை விட்டேன். இரண்டு வருடம் கழித்து, வைகாசி 18 அன்று முள்ளிவாய்க்காலுக்குப் போனேன். போரின் கடைசி நாட்களில் அங்கே சனத்தின் உயிரைப் பிடித்து வைத்தது கஞ்சிதான். அரிசி, தண்ணீர், இருந்தால் உப்பு. அந்த நினைவில் இப்போது வருடாவருடம் கஞ்சி காய்ச்சி எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். ஒரு மரத்தடியில் பெரிய கிடாரம் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் விரித்த சாக்கில் வருகிறவர்கள் கொண்டுவந்த அரிசியைக் கொட்டினார்கள். சிலர் ஒரு சுண்டு, சிலர் ஒரு பிடி.

அந்தத் தருமபுரத்துப் பெண் என்னை முதலில் கண்டுகொண்டார். தலைமயிர் நன்றாக நரைத்துவிட்டது. தோளில் அதே பொலித்தீன் கோவை இருந்த பை. கையில் ஒரு சின்ன உரைப்பை. சாக்கடியில் கொப்பியோடு நின்ற பொடியன், "பேர் எழுதவா அம்மா?" என்று கேட்டான்.

"பிடியரிசிக்கு ஆர் தம்பி பேர் எழுதுறது?" என்றார்.

பிறகு என் கைகளைப் பார்த்தார். கனடாவிலிருந்து வந்தவன், தோளில் கமரா, சட்டைப்பையில் பேனை. "ஐயா, நீங்கள் அரிசி கொண்டுவரேல்லையோ?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் உரைப்பைக்குள் கையை விட்டு, ஒரு பிடி அள்ளி, என் உள்ளங்கையில் வைத்து, "போடுங்கோ" என்றார்.

போட்டேன்.